தொடாமலே தொடு சிகிச்சை: அம்மாவை அழைத்துப் போகலாமா?

காவிரிக்கரை:
அம்மாவுக்கு 68 வயது. மார்பகப் புற்றுநோய். அறுவை முடிந்து, ஆறு கீமோவில் நான்கு ஆகிவிட்டது. வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ராத்திரியில் தூக்கம் கிடையாது. விரல் நுனியெல்லாம் மதமதவென்று இருக்கிறது என்கிறார். "என்னமோ பயமா இருக்குடா" என்பதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்கிறேன்.

பக்கத்துத் தெருவில் ஒருவர் 'தொடு சிகிச்சை' செய்கிறார். ஒரு தடவைக்கு 1500 ரூபாய், குறைந்தது பத்துத் தடவை வரவேண்டுமாம். நேற்று நானே போய்ப் படுத்துப் பார்த்தேன். வேடிக்கை என்னவென்றால் மனிதர் தொடவே இல்லை. உடம்புக்கு நாலு விரற்கடை மேலே கையை வைத்துத் தலையிலிருந்து கால்வரை வழித்து வழித்து உதறுகிறார். சக்தி ஓட்டத்தில் இருக்கும் அடைப்பை எடுக்கிறாராம். அமெரிக்காவில் நர்ஸ்களே இதைச் செய்கிறார்கள், ஆராய்ச்சியெல்லாம் இருக்கிறது என்கிறார். பெரியம்மாவும் அக்காவும் "கூட்டிட்டுப் போ, என்ன கெட்டுடப் போகுது" என்று ஒரே பிடியாக நிற்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூலைக்கடை:
தொடாமல் 1500. தொட்டால் எவ்வளவு என்று கேட்டீர்களா?

சந்தேகப்பிராணி:
அவர் சொன்னதில் பாதி உண்மை. அமெரிக்காவில் நர்ஸ்கள் செய்தார்கள், இப்போதும் சிலர் செய்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நர்சிங் பேராசிரியையாக இருந்த டோலோரஸ் கிரீகரும், டோரா குன்ஸ் என்ற அம்மையாரும் சேர்ந்து உருவாக்கியது இது. டோரா குன்ஸ் பிற்பாடு, அடையாறில் தலைமையகம் உள்ள தியசாபிகல் சொசைட்டி என்ற ஆன்மிகச் சங்கத்தின் அமெரிக்கக் கிளைக்குத் தலைவராகவும் இருந்தார். கிரீகர் இதை விளக்கக் கையில் எடுத்த சொல் என்ன தெரியுமா? 'பிராணன்'. அதாவது நம் அடையாறு ஆலமரத்துப் பக்கம் புழங்கிய சரக்கு நியூயார்க் போய், கோட்டு போட்டுக்கொண்டு, உங்கள் பக்கத்துத் தெருவுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

ஆராய்ச்சி என்றாரே, அதைச் சொல்கிறேன். கொலராடோவில் எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்காக ஒரு சோதனை செய்தாள். நடுவில் ஒரு தட்டி. சிகிச்சையாளர் தட்டியில் உள்ள ஓட்டை வழியாக இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். அந்தப் பக்கம் எமிலி காசு சுண்டிப் பார்த்து, வலதோ இடதோ ஒரு கைக்கு மேல் தன் கையைத் தொடாமல் பிடிப்பாள். எந்தக் கைக்கு மேல் 'சக்தி' தெரிகிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 21 பேர், மொத்தம் 280 முறை. சரியாகச் சொன்னது 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளிவந்தபோது அவளுக்கு வயது 11.

15,000 ரூபாயை மிச்சம் பிடியுங்கள். நல்ல மெத்தையாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

காவிரிக்கரை:
நன்றி. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் தொட்டால் குணமாகும் என்பதே மொத்தமும் புருடாவா?

வார்டு நம்பர் ஏழு:
தம்பி, அவசரப்படாதீர்கள். சந்தேகப்பிராணி சார் அடித்தது தொடாத சிகிச்சையை. தொடுவது வேறு.

நான் 31 வருடம் அரசு மருத்துவமனை நர்ஸ். நான் சேர்ந்த காலத்தில் நாடி பார்க்க வேண்டுமென்றால் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். நோயாளிக்கு அது அரை நிமிஷக் கைப்பிடி. பேசவே பேசாத ஆட்கள்கூட அந்த அரை நிமிஷத்தில் வாயைத் திறப்பார்கள். "சிஸ்டர், எனக்கு ஒண்ணும் ஆயிடாதே?" அப்புறம் விரலில் மாட்டும் கிளிப் வந்தது, நாடியும் ஆக்சிஜனும் திரையில் தெரிந்தது. நல்லதுதான், வேலை மிச்சம். ஆனால் தொடுவதற்கு எங்களுக்கு இருந்த சாக்கு போய்விட்டது. கடைசி வருடங்களில் சின்னப் பெண்கள் கட்டில் கால்மாட்டில் நின்றே குறிப்பெழுதிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒருத்திக்கு நாற்பது கட்டில்.

உங்கள் அம்மா சொல்கிற பயத்துக்கு மாத்திரை உண்டு, கேளுங்கள், கொடுப்பார்கள். அதோடு ராத்திரி படுக்கும்முன் பத்து நிமிஷம் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். புற்றுநோய் கரையாது. தூக்கம் வரலாம்.

எட்டாம் மாதம்:
சந்தேகப்பிராணி சாருக்கு என் மகளைக் காட்டவேண்டும் போல இருக்கிறது. 31ஆவது வாரத்தில் பிறந்தாள், 1 கிலோ 300 கிராம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் நர்ஸ் அக்கா வந்து, "நைட்டி பட்டனைக் கழட்டும்மா" என்று சொல்லி, தொப்பியும் டயப்பரும் மட்டும் போட்ட அந்தக் குருவியை என் மார்போடு சேர்த்து வைத்துத் துணியால் கட்டிவிட்டார். எனக்குப் பயத்தில் மூச்சே வரவில்லை. அரைமணி நேரத்தில் அவள் மூச்சு சீராகிவிட்டது என்று மானிட்டரைக் காட்டினார். மதியம் நான் குளிக்கப் போகும்போது வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவார். மாமியார் முதலில் முகம் சுளித்தார், அப்புறம் அவரே "எனக்கு எப்போ முறை?" என்று கேட்டார்.

பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். இப்படி மார்போடு கட்டிவைக்கும் கங்காரு முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற டாக்டர் ஆரம்பித்தது. தத்துவமெல்லாம் ஒன்றும் இல்லை. இன்குபேட்டர் போதவில்லை, ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள், தொற்று வேறு. வேறு வழியில்லாமல் தாயையே பெட்டியாக்கினார்.

2021இல் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு வந்தது. இந்தியா, கானா, நைஜீரியா, மலாவி, தான்சானியா என்று ஐந்து நாடுகளில் ஐந்து மருத்துவமனைகள், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். உடல் நிலை சீராகும்வரை காத்திருந்து கங்காரு முறைக்கு வந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தது 15.7 சதவீதம். பிறந்த உடனேயே ஆரம்பித்தவர்களில் 12 சதவீதம். பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இதையும் பிராணன் என்பீர்களா?

சந்தேகப்பிராணி:
சொல்லமாட்டேன் அம்மா. குழந்தைக்கு என் ஆசீர்வாதம். கங்காரு முறையின் ஆதாரம் கல்லு மாதிரி, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஒரே ஒரு கேள்வி. அங்கே வேலை செய்தது தொடுதலா? தாயின் சூடு இருக்கிறது, தாய்ப்பால் சீக்கிரம் கிடைக்கிறது, ஆஸ்பத்திரிக் கிருமிக்குப் பதில் தாயின் தோலில் உள்ள சாதுவான கிருமிகள் ஒட்டுகின்றன, பக்கத்திலேயே இருப்பதால் மூச்சு நின்றால் உடனே தெரிகிறது. எல்லாவற்றையும் 'அன்பான ஸ்பரிசம்' என்று ஒரே சீட்டில் எழுதிவிட முடியுமா? வங்கதேசத்தில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது ஆஸ்பத்திரித் தொற்று 41 சதவீதம் குறைந்தது என்று 2005இல் ஒரு ஆய்வு உண்டு. தடவிய கைக்கா அந்தப் பெருமை? அந்தப் பிஞ்சுத் தோலுக்கு எண்ணெய் ஒரு கவசமாகிறது என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம்.

இயன்முறை:
நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பிசியோதெரபிஸ்ட்.

எலிக்குட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம். தாயிடமிருந்து குட்டியைப் பிரித்தால் அதன் வளர்ச்சி ஹார்மோன் விழுகிறது. பாலும் சூடும் கொடுத்தாலும் ஏறுவதில்லை. ஈரத் தூரிகையால், தாய் நக்குவது மாதிரி அழுத்தி வருடினால் ஏறிவிடுகிறது. ஷான்பெர்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் செய்தது. இதைப் பார்த்துத்தான் டிஃப்பனி ஃபீல்டு 1986இல் குறைமாதக் குழந்தைகளுக்குத் தினம் மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம், பத்து நாள் வருடிக் கொடுத்தார். மற்றக் குழந்தைகளைவிட எடை ஏற்றம் 47 சதவீதம் அதிகம். ஆறு நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள். மொத்தமே 40 குழந்தைகள்தான், சின்ன ஆய்வு. ஆனால் எடை கூடும் என்பது பின்னால் வந்தவற்றிலும் தெரிந்தது.

அடுத்தது நரம்பு. நம் தோலில் வலிக்கு, சூட்டுக்கு என்று நரம்பு இருப்பதுபோல வருடலுக்கென்றே ஒரு வகை நரம்பு இருக்கிறது. முடி முளைக்கும் தோலில் இருக்கும்: முன்கை, முதுகு, முகம். விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடம்புச் சூடுள்ள ஒன்று மெதுவாக நகர்ந்தால்தான் அது நன்றாகத் துடிக்கும். வேகமாகத் தேய்த்தாலும் பயனில்லை, சும்மா வைத்தாலும் அவ்வளவாக இல்லை. அதன் செய்தி போய்ச் சேருவது எது எங்கே பட்டது என்று கணக்கு வைக்கும் மூளைப்பகுதிக்கு அல்ல, உணர்ச்சியோடு சம்பந்தப்பட்ட பகுதிக்கு. சுவீடன்காரர்கள் பல வருடம் உட்கார்ந்து ஒற்றை நரம்பில் ஊசி செருகிக் கண்டுபிடித்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு வருடலுக்கு ஏழெட்டு விநாடி. பிள்ளையைத் தூங்க வைக்கும்போது நம் பாட்டிகள் தடவும் வேகம் ஏறக்குறைய அதேதான். யாரும் அளந்து தடவியதில்லை.

மூலைக்கடை:
ஏழெட்டு விநாடியா! எங்கள் பாட்டி சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும் வேகத்துக்கு அந்த நரம்பு செத்தே போயிருக்கும்.

புறமருத்துவம்:
சித்தா மூன்றாம் ஆண்டு மாணவன். வெளிநாட்டுப் பேரெல்லாம் வந்தாயிற்று, நம் பக்கம் ஒன்று சொல்கிறேன். சித்த மருத்துவத்தில் அகத்துக்கு 32, புறத்துக்கு 32 என்று மருந்து வகை. அந்தப் புறமருந்தில் ஒன்று தொக்கணம். தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் என்று அதிலேயே ஒன்பது வகை. வாத நோய்களுக்குத்தான் பெரும்பாலும். காவிரிக்கரை அண்ணன் அம்மாவுக்கு நல்ல தைலம் போட்டுக் கை கால் எல்லாம் பிடித்துவிட்டால்...

இயன்முறை:
தம்பி, அங்கேயே நில்லுங்கள். கோபம் இல்லை, ஆனால் இது விளையாட்டு இல்லை. மார்பக அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையை அழுத்திப் பிடிக்கக் கூடாது, வீங்கக்கூடும். அந்தக் கையில் ஊசியும் ரத்த அழுத்தப் பட்டையும் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்களே, அதே காரணம். கீமோவில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு குறைந்திருந்தால் அழுத்திய இடமெல்லாம் கன்றிப்போகும். எலும்புக்குப் பரவியிருந்தால் 'இழுத்தல்' முறிவில் போய் முடியும். கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். தேய்த்து அதைக் கிளப்பிவிட்டால் நுரையீரலுக்குப் போகும். விரல் மதமதப்புக்குச் சுடு ஒத்தடம் என்று யாராவது சொல்வார்கள், அதுவும் வேண்டாம், சூடு உறைக்காமல் கொப்பளித்துவிடும்.

புறமருத்துவம்:
சரிங்க சார். எங்கள் பேராசிரியரும் புற்று உள்ள உடம்பில் தொக்கணம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். அவசரத்தில் எழுதிவிட்டேன்.

எட்டாம் மாதம்:
நானும் ஒரு வார்த்தை. குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் பாட்டிமார்கள் மூக்கிலும் காதிலும் இரண்டு சொட்டு விடுவார்கள். மூக்கில் விட்டது நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா. இதற்காக மாமியாரோடு நான் போட்ட சண்டை தனி இழை போடுமளவுக்கு வரும்.

தனிமரம்:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் தொடு தொடு என்கிறீர்கள். எனக்கும் கீமோ நடந்தது. வருகிற சொந்தமெல்லாம் கையை எடுத்துத் தடவித் தடவி "பாவம், எப்படி இருந்த பிள்ளை" என்றார்கள். விரலெல்லாம் எரிந்துகொண்டிருந்த எனக்கு ஒவ்வொரு தடவலும் முள். அதைவிடக் கொடுமை, அந்தத் தடவலில் இருந்த துக்க விசாரிப்பு. அம்மாவைக் கேட்டீர்களா, காவிரிக்கரை? ஒருத்தருமே அதைக் கேட்கவில்லையே.

இன்னொன்று. தொடுதல் என்றதும் உங்களுக்கெல்லாம் பாட்டி ஞாபகம் வருகிறது. எனக்கும் பாட்டி ஞாபகம்தான். எங்கள் ஊர் வைத்தியர் பாட்டியின் நாடியை ஒருநாளும் பிடித்ததில்லை. தெருவிலேயே நிற்க வைத்து, மருந்துப் பொட்டலத்தைத் திண்ணையில் போடுவார், குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்து என்னவோ கேட்டது என்றுதான் பாட்டி சொல்வாள். ஆனால் சாகும்வரை எந்த டாக்டர் கை நீட்டினாலும் அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள்.

வார்டு நம்பர் ஏழு:
படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. நீங்கள் சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க முடியாது. வார்டில் நானும் பார்த்திருக்கிறேன்.

எய்ட்ஸ் வந்த புதிதில் இப்படித்தான். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு எத்தனையோ வார்டுகளில் அந்தக் கட்டிலுக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளித்தான் விடுவார்கள். 1987இல் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் டயானா கையுறை இல்லாமல் ஒரு எய்ட்ஸ் நோயாளியின் கையைக் குலுக்கிய படம் பேப்பரில் வந்தது. கை குலுக்கியதற்கு உலகச் செய்தி! எங்களிடம் மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் எங்களால் தர முடிந்தது அது ஒன்றுதான், அதையும் முக்கால்வாசிப் பேர் தரவில்லை. நானும் முதல் வருடம் இரண்டு ஜோடி கையுறை போட்டுக்கொண்டவள்தான்.

சந்தேகப்பிராணி:
தனிமரம் எழுதியதற்குப் பிறகு ஆய்வு பேசுவது கூச்சமாக இருக்கிறது. ஆனால் காவிரிக்கரை கேட்ட கேள்விக்கு நேராகப் பொருந்துகிற ஒன்று கிடைத்தது, நான் முதலில் எழுதியதற்கு ஒரு திருத்தம் மாதிரி.

2008இல் அமெரிக்காவில், முற்றிய புற்றுநோயாளிகள் 380 பேர். பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்றவர்கள் மசாஜ் செய்தார்கள். மறுபாதிக்கு மசாஜ் பழக்கமே இல்லாதவர்கள் உடம்பில் பத்து இடங்களில் கையை வைத்து, இடத்துக்கு மூன்று நிமிடம் சும்மா இருந்தார்கள். இரண்டு வாரத்தில் ஆறு முறை. முடிந்த கையோடு கேட்டால் மசாஜ் கோஷ்டிக்கு வலி அதிகமாகக் குறைந்திருந்தது, மனசும் தேவலை. ஆனால் சில வாரக் கணக்கில் பார்த்தால் இரண்டு கோஷ்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றுமே செய்யாத மூன்றாவது கோஷ்டி அந்த ஆய்வில் இல்லை, அதனால் கை வைத்ததால்தான் குணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் 1500 ரூபாய்க் கைக்கும் வீட்டுக் கைக்கும் நீண்ட நாள் கணக்கில் எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

2024இல், தொடுதல் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளில் 137ஐ ஒன்றாகத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு வலி, பதற்றம், மனச்சோர்வு மூன்றிலும் பலன் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியமாம். தொடுவது நெருங்கியவரா அந்நியரா என்பதில் பெரியவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பச்சிளம் குழந்தைக்கு மட்டும் பெற்றவர் கைதான் உசத்தி. இயந்திரமோ கனமான போர்வையோ தொட்டால்கூட உடம்புக்கு ஓரளவு பலன் உண்டு, மனசுக்குத்தான் மனிதக் கை வேண்டியிருக்கிறது. கொரோனா சமயத்தில் பிரேசில் நர்ஸ்கள் கையுறைக்குள் வெந்நீர் ஊற்றி நோயாளியின் கையைச் சுற்றிக் கட்டிவிட்டார்களே, அது நினைவுக்கு வந்தது.

புற்றைக் கரைத்ததாக ஒரு ஆய்வும் இல்லை. யாராவது அப்படிச் சொன்னால், அங்கே கீமோவை நிறுத்தச் சொல்லும் பேச்சும் வரும். அப்போது எழுந்து வந்துவிடுங்கள்.

மட்டுறுத்துநர்:
இழை நன்றாகப் போகிறது. 'எங்களிடம் வாருங்கள்' என்று தொலைபேசி எண்ணோடு வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

காவிரிக்கரை:
நான்கு நாளாக எழுத முடியவில்லை, ஐந்தாவது கீமோ. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தனிமரம் சொன்னதுபோல் முதலில் கேட்டேன். எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை. பத்தாவது படிக்கும்போது அம்மை வந்தது, அப்போது அம்மா வேப்பிலையால் வருடிக்கொடுத்தார். அதற்கப்புறம் நாங்கள் தொட்டுக்கொண்டது காலில் விழும்போது மட்டும்தான். எனக்கு 43 வயது. "அம்மா, கையைப் பிடிச்சுக்கட்டுமா?" என்றேன். "எதுக்குடா, ஜோசியம் கத்துக்கிட்டியா?" என்றார். சிரித்துவிட்டு, அறுவை செய்யாத பக்கத்துக் கையை நீட்டினார்.

இயன்முறை சார் சொன்ன வேகத்தில் முன்கையில் தடவினேன். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது போல. "என்ன எண்ணுற?" என்றார். எண்ணுவதை விட்டுவிட்டேன். முதல் ராத்திரி தூக்கம் ஒன்றும் வரவில்லை. ஆனால் அப்பா இறந்த அன்றைக்கு வீட்டில் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னார், எனக்கு அதுவரை தெரியாது. இரண்டாம் ராத்திரி பதினொன்றரைக்குத் தூங்கி நாலு மணிவரை. மூன்றாம் ராத்திரி குமட்டல், "தொடாதே போ" என்றுவிட்டார். போய்விட்டேன்.

நேற்று அவராகவே கூப்பிட்டுக் கையை நீட்டினார். "தடவினது போதும். நகத்தை வெட்டி விடு, எனக்குப் பிடிமானம் இல்லை" என்றார். நகமெல்லாம் கறுத்து, அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கிறது. வெட்டலாமா?

வார்டு நம்பர் ஏழு:
வெட்டலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் ஊற வையுங்கள், சூட்டை உங்கள் கையில் பார்த்துவிட்டு. நகவெட்டியைக் கழுவித் துடைத்து, நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்டாதீர்கள், ஓரச் சதையில் கை வைக்காதீர்கள். அறுவை செய்த பக்கத்துக் கை நகத்தை வெட்ட வேண்டாம், அரத்தால் ராவி விடுங்கள், அந்தப் பக்கம் சின்னக் கீறல்கூட ஆகாது. அப்புறம் காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் காலைவரை காத்திருக்காமல் ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

காவிரிக்கரை:
சரி அக்கா. ஒரு கை முடிந்தது. மற்றதற்கு அரம் வாங்கிவரக் கடைக்குப் போகிறேன்.